ஒப்பம் வைக்கிறது ஆர்?

ஸ்காபரோவில் நடந்த எங்கள் மாதாந்தக் கூட்டத்தில் பேசியதைக் கொஞ்சம் திருத்தி, பேசின மாதிரியே இங்கே தந்திருக்கிறேன். இடையில் வந்த கேள்விகளுக்கான பதில்களையும் உள்ளுக்குள்ளேயே சேர்த்துவிட்டேன்.



இண்டைக்கு நான் கதைக்கப்போற தலைப்பைப் பார்த்திட்டு இரண்டு பேர் "அடுத்த மாதம் வாறம்" எண்டு செய்தி அனுப்பினவை. நான் குறை சொல்லமாட்டன். 'திறந்த மூல மென்பொருள் வெளியீடுகளுக்கு மறையீட்டு ஒப்பம் இடுதல்' எண்டு வாசிச்சால் எனக்கே கொட்டாவி வரும். அதால தலைப்பை ஒரு பக்கம் வைச்சிட்டு, ஒரு ரெலிபோன் அழைப்பிலயிருந்து துவங்கிறன்.

போன ஒக்ரோபரில ஒரு அண்ணை எடுத்தார். வயது எழுபதுக்குக் கிட்ட இருக்கும். "தம்பி, உங்கட கீபோட்டைப் போட்ட நாளிலயிருந்து என்ர கொம்பியூட்டர் தன்ர பாட்டில விளம்பரம் காட்டுது" எண்டார். எங்கட கீபோட் எண்டு அவர் சொன்னது, நாங்கள் ஆறு பேர் சேர்ந்து எட்டு வருசமாச் செய்துகொண்டு வாற தமிழ் விசைப்பலகை மென்பொருள். காசில்லை, விளம்பரமில்லை, நிரல் முழுக்கத் திறந்து கிடக்கு. விளம்பரம் காட்ட வழியே இல்லை. "எங்கயிருந்து அண்ணை எடுத்தனீங்கள்?" எண்டு கேட்டன். ஊர்ச்சங்கக் குழுவில ஆரோ அனுப்பின கோப்பாம். எனக்கு அனுப்பச் சொல்லிப் பார்த்தால், பேர் எங்கட பேர், சின்னம் எங்கட சின்னம், பதிப்பு இலக்கம்கூடச் சரி. ஆனால் கோப்பு எங்கட கோப்பைவிட நாலு மடங்கு பெரிசு. ஆரோ எங்கட நிறுவியைப் பிரிச்சு, தங்கட சாமானையும் உள்ளுக்கு வைச்சு, திரும்பக் கட்டி விட்டிருக்கினம்.

அழிக்கச் சொன்னன், கணினியைச் சுத்தம் பண்ண உதவி செய்தன். எல்லாம் முடிய அவர் ஒரு கேள்வி கேட்டார். "சரி தம்பி, இனிமேல் ஒண்டு வந்தால், அது உங்கடதானோ இல்லையோ எண்டு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

என்னட்டப் பதில் இல்லை. எட்டு வருசமாச் செய்யிறம், பதில் இல்லை.

விளம்பரத்தோட போனது அதிர்ஷ்டம். விசைப்பலகை எண்டிறது சாதாரண மென்பொருள் இல்லை. நீங்கள் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் அதுக்குள்ளால தான் போகுது. கடவுச்சொல்லும் போகுது, காதல் கடிதமும் போகுது. எங்கட விசைப்பலகையால ஆர் ஆர் எழுதினம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அகதி விண்ணப்பத்துக்கு வாக்குமூலம் எழுதிற பிள்ளை. 2017 பெப்ரவரியிலயிருந்து கிளிநொச்சியில வீதியோரம் இருந்து போராடிற, காணாமல் ஆக்கப்பட்டவையின்ர அம்மாமாருக்காக மனு அடிச்சுக் குடுக்கிற ஆக்கள். இவையின்ர கணினியில எழுத்து எழுத்தாப் பொறுக்கிற ஒரு போலிப் பதிப்பு போய் இருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு நினைக்க எனக்கு ரெண்டு இரவு நித்திரை வரேல்லை.

அதுதான் இண்டையான் கதை. ஒப்பம் வைக்கோணும். எதால வைக்கிறது, ஆர் வைக்கிறது?

முதல்ல ஹாஷ். கன இணையப் பக்கங்களில, இறக்கிற இணைப்புக்குக் கீழ நீளமா ஒரு எண்ணும் எழுத்தும் கலந்த சரம் போட்டிருப்பினம். கோப்பை ஒரு கணக்குக்குள்ளால விட்டால் வாற கைரேகை அது. கோப்பில ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை முழுக்க மாறும். நல்ல சாமான். ஆனால் கோப்பும் கைரேகையும் ஒரே பக்கத்தில இருந்தால், பக்கத்துக்குள்ள பூந்த கள்ளன் இரண்டையும் மாத்திப்போட்டுப் போவான். 2016 பெப்ரவரி 20ஆம் திகதி லினக்ஸ் மின்ட்டின்ர இணையத்தளத்துக்குள்ள பூந்தவை, இறக்கிற இணைப்பைப் பின்கதவு வைச்ச ஒரு பதிப்புக்குத் திருப்பிவிட்டவை. கணினி தெரிஞ்ச ஆக்கள் பாவிக்கிற இயங்குதளம் அது. அவையே ஏமாந்தவை.

எங்களுக்கு இந்தப் பாடம் முதலே தெரியும், நினைச்சுப் பாருங்கோ. 2003இல நான் இங்கயிருந்து உண்டியலில அம்மாவுக்குக் காசு அனுப்பிறனான். அம்மா தன்ர கையில இருக்கிற பத்து ரூபா நோட்டின்ர இலக்கத்தை ரெலிபோனில எனக்குச் சொல்லுவா. நான் அதை இங்கத்தைய ஆளிட்டக் குடுப்பன். அங்க காசு கொண்டுபோறவர், அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, இலக்கம் சரியெண்டால்தான் காசைக் குடுப்பார். காசு ஒரு பாதையால போகுது, இலக்கம் வேறொரு பாதையால போகுது. இரண்டு பாதையையும் ஒரே கள்ளன் பிடிக்கிறது கஷ்டம். வங்கி இல்லாத, கடதாசி இல்லாத சனம் கண்டுபிடிச்ச முறை. ஒப்பத்தின்ர அடிப்படையும் இதுதான்.

மறையீட்டு ஒப்பத்துக்கு இரண்டு திறப்பு. இந்தியத் தோழர்கள் சாவி எண்டு வாசிச்சுக்கொள்ளுங்கோ. ஒண்டு ஒப்பம் வைக்கிற திறப்பு, அது இரகசியம். மற்றது ஒப்பத்தைச் சரிபார்க்கிற திறப்பு, அதை ஊருக்கே குடுக்கலாம். முதலாவதால வைச்ச ஒப்பத்தை இரண்டாவதாலதான் பரிசோதிக்கலாம். இரண்டாவதை வைச்சுக்கொண்டு ஒருத்தரும் முதலாவதைச் செய்ய ஏலாது. ஹாஷைவிட இதில என்ன லாபமெண்டால், பொதுத்திறப்பை ஒருக்கால் நம்பிக்கையான பாதையால வாங்கி வைச்சால் போதும். பிறகு வாற ஒவ்வொரு வெளியீட்டையும் எந்தக் குழுவிலயிருந்து எடுத்தாலும் அதால சரிபார்க்கலாம்.

கணக்கு இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அரசியல். அந்தப் பொதுத்திறப்பு எங்கடதான் எண்டு உங்களுக்கு ஆர் சொல்லுறது? கருவிகளுக்குள்ள உள்ள வித்தியாசமெல்லாம் இந்த ஒரு கேள்விக்குச் சொல்லுற பதில்தான்.

பழைய பதில் பிஜிபி. 1991இல பில் ஸிமர்மன் வெளியிட்டது. அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தில இருந்த மனுசன். ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தை மீறினதாச் சொல்லி அமெரிக்க அரசாங்கம் அவரை 1996 வரைக்கும் விசாரிச்சது. பிறகு அதன்ர சுதந்திர வடிவமா வேர்னர் கோக் எண்டவர் ஜேர்மனியில ஜிபிஜியைச் செய்தார், முதலாவது முழுப்பதிப்பு 1999இல வந்தது. உலகத்தில கன சேர்வர்கள் அதை நம்பியிருந்த காலத்தில, அந்த மனுசன் கையில காசில்லாமல் தனிய இருந்து வேலை செய்தவர் எண்ட கதை 2015இல பத்திரிகையில வந்தாப் பிறகுதான் நிறுவனங்கள் சில்லறை போட்டவை. மரியாதையோட சொல்லுறன், அவைக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறம்.

பிஜிபியின்ர பதில் அழகானது. அதிகாரி தேவையில்லை, நாங்கள் ஆளையாள் சந்திச்சு ஆளாளின்ர திறப்பில ஒப்பம் வைப்பம், நம்பிக்கை வலையாப் பரவும் எண்டினம். அரசு இல்லை, கொம்பனி இல்லை. எங்களைப் போல ஆக்களுக்கெண்டே செய்த மாதிரி இருக்கல்லோ?

நானும் அப்பிடித்தான் நினைச்சனான். கன வருசத்துக்கு முதல், திறப்பு ஒப்பமிடும் சந்திப்பு ஒண்டுக்கு எங்கட குழுவில இருந்து இரண்டு பேர் போனம். நானும், இன்னொரு தோழரும். எல்லாரும் வரிசையா நிண்டு, கடவுச்சீட்டைக் காட்டி, திறப்பின்ர கைரேகையை ஒப்பிட்டுப் பார்க்கிறது நடைமுறை. தோழரின்ர முறை வந்தது. அவர் நிரலில பாவிக்கிற பேர் ஒண்டு. அகதிப் பயணப் பத்திரத்தில இருக்கிற பேர் இன்னொண்டு. அவர் இங்க வந்து இறங்கேக்க அதிகாரி கேட்ட 'குடும்பப் பேர்' பெட்டிக்குள்ள அப்பாவின்ர பேர் போய், அது பிழையா எழுத்துக்கூட்டப்பட்டு, பிறகு அதையே சட்டம் எண்டு வைச்சுக்கொண்டிருக்கிறார். எங்கட பேர்களில முதற்பேர், கடைசிப்பேர் எண்டு ஒண்டும் இல்லையெண்டு இங்க இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு கதை இருக்கும். முன்னுக்கு நிண்டவர் நல்ல மனுசன். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்திட்டு, "மன்னிக்கோணும், பேர் பொருந்தேல்லை" எண்டார். தோழர் பத்திரத்தை மடிச்சுச் சட்டைப் பைக்குள்ள வைச்சார். ஒண்டும் கதைக்கேல்லை. அதுக்குப் பிறகு இண்டுவரைக்கும் அப்பிடியொரு சந்திப்புக்கு அவர் வரேல்லை.

எனக்கு அவரைப் பதினொரு வருசமாத் தெரியும். எங்கட நிரலில பாதி அவர் எழுதினது. அவரின்ர வேலையை வாசிச்சால் பேர் இல்லாமலே எனக்கு ஆளைத் தெரியும். அந்த வரிசையில சரிபார்க்கப்பட்டது அந்த நம்பிக்கை இல்லை, அரசாங்கத்தின்ர முத்திரை. ஊரில விதானையாரிட்ட வதிவுக் கடிதம் வாங்கப் போற மாதிரி. அதிகாரி தேவையில்லை எண்டு சொல்லித் துவங்கினது, வாசலில விதானையை இருத்திப்போட்டுது. அதுவும் வேலை செய்த விதானை எண்டு சொல்லேலாது. 2006இல மெக்சிகோவில நடந்த டெபியன் மாநாட்டில ஒருத்தர், எந்த நாடும் குடுக்காத ஒரு அடையாள அட்டையை வேணுமெண்டே காட்டிப் பார்த்தார். கனபேர் அதைப் பார்த்திட்டு ஒப்பம் வைச்சவை. உண்மையான ஆளுக்கு இல்லை எண்டும், விளையாட்டு அட்டைக்கு ஓம் எண்டும் சொல்லுற முறை அது.

தொழில்நுட்பமாயும் அந்த வலை கிழிஞ்சு போச்சு. 2019 ஜூனில, பொதுத்திறப்புகளைச் சேர்த்து வைக்கிற சேர்வர்களில, தெரிஞ்ச இரண்டு பேரின்ர திறப்புக்கு ஆரோ ஆயிரக்கணக்கில குப்பை ஒப்பங்களை ஏத்திவிட்டவை. அந்தத் திறப்பை இறக்கின ஆக்களின்ர ஜிபிஜியே ஸ்தம்பிச்சுப் போச்சு. யார் வேணுமெண்டாலும் எழுதலாம், ஒருத்தரும் அழிக்கேலாது எண்டு கட்டின அமைப்பு அது. 2023 மே மாதம் பைதன் பொதிகளை வைச்சிருக்கிற பைபிஐ களஞ்சியம் பிஜிபி ஒப்பங்களை ஏற்கிறதையே நிப்பாட்டிச்சு. அதுக்கு முந்தின மூண்டு வருசத்தில ஒப்பம் வைச்ச திறப்புகள் 1069. அதில ஏறத்தாழ 30 வீதத்தைப் பெரிய சேர்வர்களில தேடியும் எடுக்க முடியேல்லை. மிச்சத்திலயும் கிட்டத்தட்டப் பாதியை உருப்படியாச் சரிபார்க்க ஏலாமல் இருந்தது. ஒப்பம் வைச்சவை வைச்சுக்கொண்டே இருந்திருக்கினம். பார்க்கத்தான் ஆளில்லை.

எங்களுக்கு நாங்களே ஒரு சோதனை வைச்சுப் பார்த்தம். இதே அறையில, நாலு பேரிட்ட ஒரு கோப்பையும் ஜிபிஜி ஒப்பத்தையும் வழிமுறையையும் குடுத்தம். ஒரு அக்கா கடைசிவரைக்கும் சரியாச் செய்து முடிச்சா. திரையில ஒரு வரி 'நல்ல ஒப்பம்' எண்டு வந்தது. அடுத்த வரி 'எச்சரிக்கை, இந்தத் திறப்பு நம்பகமான ஒப்பத்தால உறுதிப்படுத்தப்படேல்லை' எண்டு வந்தது. அவ என்னைத் திரும்பிப் பார்த்து, "நல்லதெண்டும் சொல்லுது, நம்பாதையெண்டும் சொல்லுது. நான் எதைக் கேக்கிறது?" எண்டா. அக்கா இண்டைக்கும் வந்திருக்கிறா. ஜிபிஜியை விடுறதெண்டு நான் அண்டைக்கே முடிவெடுத்திட்டன் அக்கா, உங்களுக்குச் சொல்லேல்லை.

இரண்டாவது பதில், கொம்பனிகளின்ர பதில். இதை வேகமாச் சொல்லிப்போட்டுப் போறன். விண்டோஸில நிறுவியைத் திறக்க 'தெரியாத வெளியீட்டாளர்' எண்டு எச்சரிக்கை வருமல்லோ, அது வராமல் இருக்கச் சான்றிதழ் வாங்கோணும். பொதுவா வருசத்துக்குச் சில நூறு டொலர், சட்டப்படியான பேர், முகவரி, 2023 ஜூனிலயிருந்து திறப்பைப் பூட்டி வைக்கத் தனியான வன்பொருள். அப்பிளுக்கு வருசம் 99 அமெரிக்க டொலர். அண்ட்ரொயிட் இதுவரைக்கும் கொஞ்சம் திறந்து கிடந்தது. 2025 ஓகஸ்டில கூகிள் என்ன அறிவிச்சதெண்டால், சான்றளிக்கப்பட்ட அண்ட்ரொயிட் கருவிகளில தங்கட கடைக்கு வெளியால நிறுவுற செயலியெண்டாலும், அதைச் செய்தவர் தன்ர அடையாளத்தைத் தங்களிட்டப் பதிஞ்சிருக்கோணும். 2026 செப்டெம்பரில முதல் துவங்கிறதா அறிவிச்ச நாலு நாட்டில சிங்கப்பூரும் ஒண்டு. எதிர்ப்பு வந்தாப் பிறகு, விசயம் தெரிஞ்ச பாவனையாளருக்கு ஒரு மாற்று வழி வைக்கிறம் எண்டினம். உங்கட சொந்தக் கருவிக்குள்ள நீங்கள் விரும்பினதைப் போட அனுமதி கேக்கிற இடத்துக்கு வந்திட்டம். வீட்டுக்காரன் எல்லா அறைக்கும் திறப்பைத் தன்ர இடுப்பில வைச்சுக்கொண்டு வாடகையும் வாங்கிற மாதிரி.

இதுகளை நாங்கள் வாங்கேல்லை. அதால எங்கட நிறுவியைத் திறக்கேக்க அந்த எச்சரிக்கை இப்பவும் வரும். எங்களுக்கு ஆக்கள் குறையிறதும் அதாலதான், தெரியும்.

மூண்டாவது பதில் சிக்ஸ்டோர். இதுதான் எங்கட குழுவை இரண்டாப் பிரிச்சது. ஐஞ்சு கூட்டம் இதிலயே போச்சு.

2021இல துவங்கினது, லினக்ஸ் பவுண்டேஷனுக்குக் கீழ. யோசனை கெட்டித்தனமானது. ஒப்பம் வைக்க நீங்கள் நிரந்தரத் திறப்பு ஒண்டும் வைச்சிருக்கத் தேவையில்லை. உங்கட கிட்ஹப் அல்லது கூகிள் அல்லது மைக்ரோசொவ்ட் கணக்கால உள்நுழைஞ்சால், பத்தே நிமிசத்துக்குச் செல்லுபடியாகிற ஒரு சான்றிதழ் தரும். அதால ஒப்பம் வைச்சிட்டுத் திறப்பை எறிஞ்சு போடலாம். வைச்ச ஒப்பம் ஒரு பொதுப் பதிவேட்டில ஏறும். அந்தப் பதிவேட்டை ஆரும் பார்க்கலாம், ஆரும் அழிக்கேலாது. பைதன் மொழியின்ர வெளியீடுகள் 3.14ஆம் பதிப்போட பிஜிபியைக் கைவிட்டு இதை மட்டும் வைச்சுக்கொண்டிட்டினம்.

எங்கட குழுவிலயே வயது குறைஞ்ச தங்கச்சி இதுக்காகக் கடுமையா வாதாடினா. அவ சொன்னதில கன நியாயம் இருக்கு. "அண்ணை, நீங்கள் திறப்பை யூஎஸ்பியில போட்டு மேசை லாச்சிக்குள்ள வைப்பீங்கள். அது துலையும், இல்லாட்டி களவு போகும். களவு போனது உங்களுக்குத் தெரியவும் வராது. இதில உங்கட பேரில ஆரும் ஒப்பம் வைச்சால் பதிவேட்டில தெரியும்." உண்மை. லாச்சியைப் பற்றிச் சொன்னது இன்னும் உண்மை. என்ர பழைய திறப்பு ஒண்டு வீடு மாறேக்க துலைஞ்சது, அவவுக்குத் தெரியும்.

ஆனால் அந்தப் பதிவேட்டில ஏறிற சான்றிதழுக்குள்ள ஒப்பம் வைச்ச ஆளின்ர ஈமெயில் முகவரியும் இருக்கும். எப்பவும் இருக்கும். எங்கள் ஆறு பேரில இரண்டு பேர் தங்கட சொந்தப் பேரில வேலை செய்யிறேல்லை. ஒருத்தரின்ர குடும்பம் இன்னும் வன்னியில இருக்கு. 1979இல வந்த பயங்கரவாதத் தடைச்சட்டத்துக்குக் கீழ, பேர் ஒரு பட்டியலில இருக்கிறது எண்டால் என்ன எண்டு எங்களுக்கு ஒருத்தரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அழிக்க ஏலாத பட்டியல் எண்டு கேட்டவுடன சிலிக்கன் பள்ளத்தாக்கில இருக்கிறவர் கை தட்டுவார். எங்கட தோழருக்கு வயித்தைக் கலக்கும். இரண்டு பேரும் ஒரே சாமானைத்தான் பார்க்கினம்.

புதுசா ஒரு ஈமெயில் திறந்தால் போச்சே எண்டு தங்கச்சி கேட்டா. திறக்கலாம். ஆனால் அந்தக் கணக்கைத் திறக்க ரெலிபோன் இலக்கம் கேக்கும். கணக்கைத் தாறவை அதைப் பூட்டவும் செய்வினம். 2019 ஜூலையில அமெரிக்கத் தடைச்சட்டங்களைச் சொல்லி, ஈரான், சிரியா, கிரைமியா ஆக்களின்ர கிட்ஹப் கணக்குகளைக் கட்டுப்படுத்தினவை. அவையில கனபேர் செய்த ஒரே குற்றம், அந்த இடத்தில இருந்து உள்நுழைஞ்சதுதான். எங்கட ஒப்பம் அவையின்ர வாசலுக்குள்ளால போகோணுமெண்டால், அந்த வாசல் பூட்டப்படுற நாளில எங்கட ஒப்பமும் இல்லை. சிக்ஸ்டோர் நிரல் திறந்ததுதான், விரும்பினால் நாங்களே ஒரு சேர்வர் வைச்சு நடத்தலாம் எண்டும் சொல்லுவினம். ஆறு பேர், அதில இரண்டு பேர் இரவு வேலை. ஆர் நடத்திறது?

பெரிய திட்டங்களுக்கு, எல்லாரும் சொந்தப் பேரில வேலை செய்யிற இடங்களுக்கு, சிக்ஸ்டோர் நல்லதெண்டுதான் இப்பவும் சொல்லுவன். எங்களுக்குச் சரிவரேல்லை.

கடைசியா நாங்கள் எடுத்தது மினிசைன். ஓபன்பிஎஸ்டி ஆக்கள் தங்கட இயங்குதளத்துக்கு ஒப்பம் வைக்க 2014இல வெளியிட்ட சிக்னிஃபை எண்ட சின்னக் கருவியின்ர வழியில வந்தது. இதில வலை இல்லை, சேர்வர் இல்லை, பேர் இல்லை, காலாவதி இல்லை. ஒரு வேலைதான் செய்யும். பொதுத்திறப்பு 56 எழுத்து. ஒரே வரியில எழுதலாம். ஒரே வரிக் கட்டளையால சரிபார்க்கலாம். சரியெண்டால் சரி எண்டும், பிழையெண்டால் பிழை எண்டும் சொல்லும், அக்காவைக் குழப்பாது. ஒப்பத்துக்குள்ளயே பதிப்பு இலக்கத்தையும் ஒரு குறிப்பா எழுதி, அந்தக் குறிப்பையும் சேர்த்து ஒப்பம் வைக்கலாம். பழைய ஓட்டைப் பதிப்பைப் புதுசெண்டு பேர் மாத்தி விக்கிறவனை அது பிடிக்கும்.

'இது எங்கட திறப்பு எண்டு ஆர் சொல்லுறது' எண்ட கேள்விக்கு மினிசைன் பதிலே சொல்லாது. அதை நீங்களே பாருங்கோ எண்டு விட்டிடும். சிலருக்கு அது குறை. எனக்கு அதுதான் பிடிச்சது, ஏனெண்டால் அந்தப் பதிலைச் சொல்ல எங்களிட்ட இந்த அறை இருக்கு. 56 எழுத்தை இந்தச் செய்திமடலில போடுவம். எங்கட வருசக் கலண்டரின்ர பின்பக்கத்தில அச்சடிச்சிட்டம், பார்த்திருப்பீங்கள், அது அச்சுப்பிழை இல்லை. கோப்பு இணையத்தால வரும், திறப்பு உங்கட குசினிச் சுவரில தொங்கும். பத்து ரூபா நோட்டு மாதிரி.

இதோட முடிச்சிருப்பம். ஆனால் தோழர் ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டார்: "ஒப்பம் வைக்கிற ஆளே பிழை விட்டால்?"

2024 மார்ச் 29ஆம் திகதி கண்டுபிடிச்ச எக்ஸ்-செட் கதை அது. லினக்ஸ் கணினிகள் கிட்டத்தட்ட எல்லாத்திலயும் இருக்கிற, கோப்புகளைச் சுருக்கிற ஒரு நூலகம். அதைக் கன வருசமா ஒரு மனுசன், லாஸ் கொலின், சம்பளமில்லாமல் பராமரிச்சவர். களைச்சுப் போனார், அதை வெளிப்படையா எழுதியும் இருந்தார். சில பேர் வந்து "ஏன் மெதுவா இருக்கு, வேறை ஆளைச் சேர்" எண்டு அழுத்தம் குடுத்தவை. உதவிக்கு ஜியா டான் எண்ட பேரில ஒருத்தர் வந்தார், இரண்டு வருசத்துக்கு மேல பொறுமையா நல்ல வேலை செய்தார், பொறுப்பு கைக்கு வந்தது. பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில பின்கதவு. உள்நுழைய அரை வினாடி கூட எடுக்குதே எண்டு அண்ட்ரெஸ் ஃப்ரொயின்ட் எண்ட பொறியியலாளர் துளாவிப் பார்த்திராட்டி, உலகத்துச் சேர்வர்களில கனக்கத் திறந்து கிடந்திருக்கும். அந்த வெளியீடுகளில ஒப்பம் இருந்தது. ஒப்பம் சரியானது. ஒப்பம் வைச்ச ஆள்தான் கள்ளன்.

ஒப்பம் எண்டிறது 'இந்த ஆள் தந்தது' எண்டு மட்டும்தான் சொல்லும். அந்த ஆளுக்குச் சாப்பாடு இருக்கோ, நித்திரை இருக்கோ, தோள் குடுக்க ஆள் இருக்கோ எண்டு சொல்லாது. இலவச உழைப்பில கோடிக்கணக்கில உழைக்கிற கொம்பனிகளுக்கு, அந்த உழைப்பாளி தனிய இருக்கிறது அண்டுவரைக்கும் ஒரு பிரச்சினையாத் தெரியேல்லை. பிறகு பாதுகாப்பு அறிக்கைகள் நூற்றுக்கணக்கில எழுதினவை.

எக்ஸ்-செட் கதையில இன்னொரு விசயம் எங்களுக்கு நேரடியா உதவிச்சு. பின்கதவைத் திறக்கிற முக்கியமான துண்டு, எல்லாரும் பார்க்கிற நிரல் களஞ்சியத்தில இல்லை. ஒப்பம் வைச்சு வெளியிட்ட பொதிக்குள்ள மட்டும்தான் இருந்தது. களஞ்சியமும் பொதியும் ஒண்டுதான் எண்டு எல்லாரும் நம்பியிருந்தவை. அதால நாங்கள் இரண்டு திறப்பு செய்தம். ஒண்டு என்னட்ட, மற்றது மொன்றியலில இருக்கிற தோழரிட்ட. கடவுச்சீட்டை மடிச்சு வைச்சார் எண்டு சொன்னனே, அவரிட்ட. இரண்டு பேரும் களஞ்சியத்திலயிருந்து தனித்தனியா மென்பொருளைக் கட்டுவம். இரண்டு கோப்பின்ர ஹாஷும் ஒண்டெண்டால் மட்டும் இரண்டு பேரும் ஒப்பம் வைப்பம். புதுப்பிக்கிற வசதி இரண்டு ஒப்பத்தையும் கேக்கும், ஒண்டு குறைஞ்சாலும் நிறுவாது.

சொல்லச் சுகம். ஒரே நிரலை இரண்டு கணினியில கட்டினால் ஒரே கோப்பு வராது எண்டு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. கட்டின நேரம் உள்ளுக்குப் போகுது. கோப்புகளை அடுக்கிற ஒழுங்கு மாறுது. என்ர கணினியில இருக்கிற அடைவின்ர பேர், அதில என்ர பேர், நிறுவிக்குள்ள எழுதுப்பட்டு இவ்வளவு காலமும் ஊர் முழுக்கப் போயிருக்கு. பேர் வேண்டாம் எண்டு ஐஞ்சு கூட்டம் சண்டை பிடிச்ச ஆக்கள் நாங்கள்! டெபியன் ஆக்களும் டோர் உலாவி ஆக்களும் பத்து வருசத்துக்கு மேல இதோட மல்லுக்கட்டி எழுதி வைச்ச குறிப்புகள் இல்லாட்டி விட்டிருப்பம். மூண்டு வார இறுதி போச்சு. ஒரு ஞாயிறு இரவு பதினொண்டேகாலுக்குத் தோழர் தன்ர ஹாஷை அனுப்பினார். நான் என்ரதைப் பக்கத்தில வைச்சுப் பார்த்தன். 64 எழுத்தும் ஒண்டு. எடுத்துக் கதைச்சம், என்ன கதைச்சம் எண்டு ஞாபகமில்லை, இரண்டு பேரும் சும்மா சிரிச்சுக்கொண்டிருந்தம்.

குறைகளையும் சொல்லோணும். மினிசைனில திறப்பை ரத்துச் செய்ய வழியில்லை. ஒண்டு களவு போனால், மற்றதால ஒப்பம் வைச்சு அறிவிப்பம், அடுத்த மடலில புதுசைப் போடுவம். கலண்டரில பழையதுதான் தொங்கும். இரண்டும் போனால் திரும்ப முதலிலயிருந்து. அதால மூண்டாவது திறப்பு ஒண்டு வேறை நாட்டில இருக்கோணும். ஐரோப்பாவில இருந்து இந்த மடலை வாசிக்கிற ஆராவது, பழைய மடிகணினி ஒண்டும் மாதத்தில ஒரு ஞாயிறும் தர ஏலுமெண்டால் எனக்கு எழுதுங்கோ. சொந்தப் பேரில எழுதோணுமெண்டு இல்லை.

போன கிழமை அந்த அண்ணைக்கு நானே எடுத்தன். கலண்டரைச் சுவரிலயிருந்து கழட்டிக்கொண்டு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 56 எழுத்தையும் எனக்கு ஒவ்வொண்டா வாசிச்சுக் காட்டினார். நான் இங்க திரையில பார்த்து ஓம், ஓம் எண்டு கொண்டிருந்தன். 31ஆவது எழுத்தில நிண்டிட்டார். "தம்பி, இது சைபரோ, பெரிய ஓவோ?"

அச்சடிக்கேக்க நாங்கள் அதை யோசிக்கேல்லை. இரண்டும் அந்த எழுத்துருவில ஒரே மாதிரித்தான் இருக்கு. வாற வருசக் கலண்டருக்கு வேறை எழுத்துரு பார்க்கிறம். அதுவரைக்கும், 31ஆவது சைபர்.